நாற்பத்தோராம் வீட்டு ஃப்ரிட்ஜ்

காலை 5.40. ஆரல்வாய்மொழியில் ரயில் மெதுவாகப் போனது. இரண்டு பக்கமும் மலை, நடுவில் காற்றாலைகள், அவற்றில் பாதி சுற்றவில்லை. முந்தின நாள் மாலை எழும்பூரில் ஏறி எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் வந்திருந்தேன். கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. எதிர்ப் படுக்கைக்காரர் அதற்குள் பல் துலக்கி, சட்டை மாற்றி, தலை சீவி, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அவர் பொருளாதாரப் பேராசிரியர். சொந்த ஊர் நாகர்கோவில், வேலை வடக்கே. உலகில் வறுமை குறைந்திருக்கிறதா என்பது பற்றி ஒரு கல்லூரியில் பேச வந்துகொண்டிருந்தார். குறைந்திருக்கிறது என்பது அவர் கட்சி. முந்தின நாள் செங்கல்பட்டு தாண்டியதிலிருந்து விழுப்புரம் வரும்வரை அதை எனக்கு விளக்கினார். உலகம் முழுவதற்கும் ஒரு கோடு இருக்கிறது, நாளொன்றுக்கு மூன்று டாலர். அந்த டாலரும் பர்ஸில் இருக்கிற டாலர் அல்ல, அந்தந்த நாட்டு விலைவாசிக்கு ஏற்ப இழுத்தும் சுருக்கியும் எடுத்த டாலர். ஒரு தலைமுறைக்குள் கோடிக்கணக்கானவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டி மேலே வந்திருக்கிறார்கள். மனித வரலாற்றில் இப்படி ஒன்று நடந்ததே இல்லை என்றார்.

"கோட்டைக் கொஞ்சம் உயர்த்தினதும் ஒரே நாளில் ஏழைங்க கூடிட்டாங்களே சார்" என்றேன்.

"அதுக்காவ கோடே வேண்டாம்னு சொல்ல முடியுமா? காய்ச்சல் உண்டுமான்னு பாக்க தெர்மாமீட்டர் வேணும்லா?"

"வேணும் சார். ஆனா அதை உடம்புல வைக்கணும். நாம பக்கத்துல நிக்கிற பீரோ மேல வைக்கிறோம்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருடமாக அந்தத் தெர்மாமீட்டரைத் தூக்கிக்கொண்டு அலைகிறவள் நான். வீடு வீடாக எடுத்த கணக்கில் தகராறு வந்தால் போய்ப் பார்த்து முடித்து வைக்கிற மேற்பார்வையாளர். ஒப்பந்த வேலை. ஐம்பத்து நான்கு வயதில் இதைவிட நல்ல வேலை கிடைக்காது.

அவர் சொன்னது பொய் என்று நான் எழுதமாட்டேன். எங்கள் அம்மாவுக்கு ஒரு காலத்தில் இரண்டே புடவை. மழைக்காலத்தில் ஒன்று காயாவிட்டால் அன்றைக்கு வெளியே போகமாட்டாள். இன்று நான் போகிற வீடுகளில் அப்படி ஒருத்தியைப் பார்ப்பது அரிது. குறைந்திருக்கிறது, உண்மைதான். என் கோபம் குறைந்ததன் மேல் அல்ல. குறைந்தது என்று எழுதுகிற விதத்தின் மேல். அந்த எழுத்தில் என் கையும் இருக்கிறது என்பதால் அந்தக் கோபம் சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நிற்கும்.

6.15. நாகர்கோவில் சந்திப்பு. பேராசிரியர் இறங்கும்போது, "நீங்க பாக்க வந்த மனு நல்லபடியா முடியட்டும் மேடம். ஆனா இந்த மாவட்டத்துல ஏழையத் தேடி வந்திருக்கியளே, கஷ்டம்தான்" என்றார். கேலி இல்லை, பெருமைதான். படிப்பு, ஆஸ்பத்திரி, சாலை, வீட்டுக்கொரு கல்ஃப்காரர். எந்தப் பட்டியலை எடுத்தாலும் குமரி மாவட்டம் மேலே இருக்கும் என்று எங்கள் அலுவலகத்திலும் சொல்வார்கள்.

மீனாட்சிபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே புட்டு, பயறு, பப்படம், ஒரு சாயா. அறுபத்திரண்டு ரூபாய். 7.20க்குத் தக்கலை போகும் டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் நடத்துநர் பூஜ்யம் அச்சிட்ட சீட்டு ஒன்றைக் கிழித்துத் தந்தார். என்னைப் போல மாதச் சம்பளக்காரிக்கும் பூஜ்யம், எனக்குப் பக்கத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்த அம்மாளுக்கும் பூஜ்யம். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. யாரும் யாருடைய வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்காமல் தருகிற உதவி இந்த நாட்டில் அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு சீட்டைப் பைக்குள் வைத்தேன்.

தக்கலையில் பஸ் மாறி, அழகியமண்டபம் வழியாகத் திருவட்டாறு. நாகர்கோவிலிலிருந்து முப்பது கிலோமீட்டர் இருக்கும். அழகியமண்டபம் தாண்டியதும் ரப்பர் மரங்கள் வந்துவிட்டன. இடுப்பில் பிளாஸ்டிக் பாவாடை கட்டி வரிசையாக நிற்கின்றன. வெட்டு விழுந்த இடத்தில் மழை படாமல் இருக்க அந்தப் பாவாடை. ஐப்பசி மழை தொடங்கி ஒரு வாரமாகியிருந்தது. இடையிடையே முந்திரிக்கொட்டை வறுக்கிற புகை, தொண்டையில் கீறுகிற மாதிரி.

போகிற வழியிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். திருவட்டாறிலிருந்து நாலு கிலோமீட்டரில் ஒரு ஊர். பெயரை எழுதப்போவதில்லை, ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது முடிவில் தெரியும். அந்த ஊரின் ஒரு வார்டில் எங்கள் கணக்குப்படி ஏழைக் குடும்பம் ஒன்றுகூட இல்லை. அதை எதிர்த்து ஒரே ஒரு மனு வந்திருந்தது. நாற்பத்தோராம் எண் வீடு, நேசபாய், விதவை, முந்திரி ஆலையில் கொட்டையின் தொண்டு, அதாவது ஓடு, உடைக்கிறவர். "எனக்கு வீடு ஒழுகுகிறது, என்னைப் பட்டியலில் சேர்க்கவில்லை" என்று எழுதியிருந்தார். பட்டியலில் பெயர் இருந்தால்தான் வீடு கட்ட அரசு மானியம். மனுக்கள் முடிகிற நாள் அன்றைக்கு. அன்று நான் "ஆம்" என்று பதிந்தால் அவருக்குக் கூரை வரும். பதியாவிட்டால் வராது.

அவர் விடுபட்டதற்குக் காரணம் ஃப்ரிட்ஜ். எங்கள் கேள்வித்தாளில் ஐந்து பொருட்கள் உண்டு. அதில் எது வீட்டில் இருந்தாலும் அந்தக் குடும்பம் தானாக வெளியே போய்விடும். நாற்பத்தோராம் வீட்டுப் படத்தில் ஒரு நீல ஃப்ரிட்ஜ் இருந்தது, கதவில் வால் கிழிந்த டால்பின் ஸ்டிக்கர். நாற்பத்து நான்காம் வீட்டுப் படத்தைத் திறந்து பார்த்தேன். அங்கேயும் நீல ஃப்ரிட்ஜ், அதே டால்பின், அதே கிழிந்த வால். கணக்கெடுத்த பெண் ஒரே வீட்டில் உட்கார்ந்துகொண்டு நாலு வீட்டுக்கும் படம் எடுத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். வேலையைவிட்டு எடுக்கச் சிபாரிசுக் கடிதம்கூட மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன்.

9.10. திருவட்டாறு. கணக்கெடுத்த பெண் ஷைனி பேருந்து நிறுத்தத்தில் குடையோடு நின்றாள். இருபத்தாறு வயது, எம்.காம். கோயிலுக்குப் போகிற கூட்டம் எங்களைத் தாண்டிப் போனது. கணக்கெடுக்கிற டேப்லெட்டைத் திறந்து இரண்டு படங்களையும் அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவள் பதறவில்லை. "ரெண்டும் ஒரே ஃப்ரிட்ஜ்தான் மேடம். நாப்பத்தி நாலாம் வீட்டு ஷீலா அக்காளுக்க ஃப்ரிட்ஜ். அவங்க மாப்பிள மஸ்கட்ல. போன வருசம் நான் கணக்கெடுக்கப் போன அன்னைக்கு நேசபாய் சித்திக்க மோளப் பெண்ணு காண கருங்கல் ஊருல இருந்து ஆளு வந்திருந்தாவ. அதனால தூக்கி சித்தி வீட்டுல கொண்டு வச்சிருந்தாவ."

"அப்ப இருக்குன்னு ஏன் பதிஞ்ச?"

"இருந்துதே மேடம். ஆப்புல உண்டா இல்லியான்னுதான் கேக்குது. யாருக்கதுன்னு கேக்கலியே. மாப்பிள வீட்டுக்காரங்க பாத்துட்டு இருக்கும்போ நான் போயி இது உங்களுக்கதான்னு கேக்க முடியுமா? சித்தி கண்ணக் காட்டினா. படம் எடுத்துட்டேன். ஷீலா அக்கா வீட்டுல அடுத்த வாரம் எடுத்தேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "ட்ரெயினிங்ல நீங்கதானே மேடம் சொன்னிய, கண்ணால பாத்தத மட்டும் பதியணும்னு."

சொல்லியிருந்தேன். சென்னையில் குளிரூட்டிய அறையில், மைக்கைப் பிடித்து, இரண்டு தடவை சொல்லியிருந்தேன். மனசுக்குள் எழுதிய கடிதத்தை மனசுக்குள்ளேயே கிழித்துப் போட்டேன். விஷயம் சுலபமாகிவிட்டது என்றும் தோன்றியது. வீட்டுக்குப் போவது, ஃப்ரிட்ஜ் இல்லாத மூலையைப் படம் எடுப்பது, "ஆம்" என்று பதிவது, மத்தியானம் மீன்குழம்புச் சாப்பாடு.

ஆட்டோ இருபது நிமிடம் தாமதமாக வந்தது. ஓட்டுநர் ராஜன், நாற்பது வயது, இடுப்பைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். நூற்றிருபது ரூபாய் பேசினோம்.

"மன்னிக்கணும் மேடம். விடியகாலத்தே ஒரு ஃப்ரிட்ஜ் தூக்கப் போனேன். நாலு பேரு தூக்கியும் நடுவு உளுக்கிட்டு" என்றார்.

நான் ஷைனியைப் பார்த்தேன். ஷைனி ரப்பர் மரங்களைப் பார்த்தாள்.

"இன்னைக்கும் அங்கதான் இருக்கா?"

"நேத்து சாயங்காலம்தான் மேடம் எனக்கே தெரியும். பெனிட்டாவுக்கு, அதான் சித்திக்க மோளுக்கு, ஏழாம் மாசம். காலத்த போயி விளிச்சிட்டு வந்தாச்சு. மருமோனுக்கு இன்னைக்குத்தான் லீவாம். மாமியாரும் கொண்டு விட வந்திருக்காவ. நீங்க வரப்போற மெசேஜ் சித்திக்க நம்பருக்குத்தான் போயிருக்கு. அந்த ஃபோனு கல்யாணத்தோட பெனிட்டாகூடப் போயாச்சு."

ஏழாம் மாதத்தில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது இங்கே வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் கூடவே வந்து, சாப்பிட்டு, விட்டுவிட்டுப் போவார்கள். மறு ஆய்வுக்கு வந்த நாளிலும் அந்த வீடு இரவல் கோலத்தில் நின்றது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

10.25. வீடு ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில், ஓட்டு வீடு. ஓடுகளில் பாதி இடம் மாறியிருந்தது. பக்கவாட்டில் நீலத் தார்ப்பாய் ஒன்று மடித்து, கல் ஏற்றி வைத்திருந்தது. மழைக்காலம் முழுவதும் கூரைமேல் கிடக்க வேண்டிய தார்ப்பாய். பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று அன்றைக்காக இறக்கியிருந்தார்கள்.

உள்ளே நாலு பேர். மருமகன் பிளாஸ்டிக் நாற்காலியில். பெனிட்டா சுவரில் சாய்ந்து பாயில். அவள் மாமியார், கருங்கல்காரர், அறுபது வயது இருக்கும், தேய்த்த கைத்தறிப் புடவை, மடியில் வேதாகமப் பை. கையில் தண்ணீர்ச் செம்போடு நேசபாய். ஐம்பதுக்குள் வயது, ஒடிசலான உடம்பு. விரல் நுனிகள் கருப்பு. முந்திரித் தொண்டு உடைக்கும்போது வழிகிற பால் தோலைத் தின்றுவிடும். அன்றைக்குத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்திருக்கிறார் என்பது தெரிந்தது. கருப்பு போகவில்லை, பளபளப்பு மட்டும் வந்திருந்தது. மூலையில் நீல ஃப்ரிட்ஜ், டால்பினோடு.

என்னையும் டேப்பையும் பார்த்த நொடியில் நேசபாய் முகம் செத்துப்போனது. ஷைனி முந்திக்கொண்டாள்.

"கர்ப்பிணிப் பிள்ளையளுக்க கணக்கு எடுக்க வந்திருக்காவ சித்தி. பெனிட்டாட்ட கொஞ்சம் கேக்கணுமாம்."

ஆகவே பன்னிரண்டு வருட அனுபவமுள்ள வறுமைக் கணக்கு மேற்பார்வையாளர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்கா சாப்பிடறியா? கால் வீங்குதா?" என்று கேட்டாள். பெனிட்டா வெட்கத்தோடு பதில் சொன்னாள். ஒவ்வொரு பதிலையும் டேப்பில் எழுதுகிற மாதிரி விரலை ஆட்டினேன். பொய்யாகப் பதிவதில் எங்கள் தொழிலில் யாருக்கும் பயிற்சி தேவையில்லை.

மாமியார் தான் கொண்டுவந்திருந்த தயிர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். "இத உள்ள வச்சிரட்டும், புளிச்சிரும்" என்று ஃப்ரிட்ஜை நோக்கி நடந்தார். நேசபாய் "நான் வைக்கேன் மைனி" என்று பாய்ந்தார். அதற்குள் அவர் கதவைத் திறந்துவிட்டார்.

நான் அவருக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருட்டு. விளக்கு எரியவில்லை. ஒரு தட்டில் முந்திரிக்கொத்துப் பலகாரம், ஒரு சீப்பு ரசகதலி, மூன்று தண்ணீர் பாட்டில். ஃப்ரிட்ஜின் வயர் பின்பக்கம் சுருட்டிக் கட்டியபடி தொங்கியது. அந்தச் சுவரில் பிளக் பாயின்ட்டே கிடையாது.

அவர் இரண்டு மூச்சு நேரம் நின்றார். பிறகு தயிரை உள்ளே வைத்தார், கதவை அழுத்தி மூடினார், திரும்பினார்.

"நல்ல தணுப்பா இருக்கு மைனி" என்றார்.

நேசபாய் தலையை ஆட்டினார். மருமகன் செல்பேசியில் இருந்தான். மின்சாரமே இல்லாத பெட்டியைக் குளிர்ச்சி என்கிறார். அந்த அம்மாள்மேல் எனக்கு மரியாதையும், அப்படி ஒரு வார்த்தை தேவைப்படுகிற நிலைமைமேல் ஆத்திரமும் ஒரே சமயத்தில் வந்தன.

1.10. இலை போட்டார்கள். என்னையும் உட்காரச் சொன்னார்கள், மறுக்க முடியவில்லை. சோறு, பருப்பு, அவியல், நெய்மீன் குழம்பு. அந்த மீன் அன்று கிலோ என்ன விலை என்று ராஜன் வழியில் சொல்லியிருந்தார். நேசபாய் ஆலையில் எத்தனை நாள் உடைத்தால் அது வரும் என்று என் புத்தி கணக்குப் போடத் தொடங்கியது. வெட்கப்பட்டு நிறுத்தினேன்.

அப்போதுதான் மழை பிடித்தது. முதலில் ஓட்டின்மேல் சத்தம், பிறகு உள்ளே. முதல் சொட்டு ஃப்ரிட்ஜ் தலையில் விழுந்தது. அடுத்தது எனக்கும் ஷைனிக்கும் நடுவே. மூன்றாவது மாமியாரின் தோளில். சொட்டுகிற இடத்தில் ஒரு பாத்திரம் வைத்தால் ஒழுகுகிறது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அதனால் யாரும் வைக்கவில்லை. நேசபாய் கரண்டியைப் பிடித்தபடி கூரையையே பார்க்காமல் நின்றார். இவ்வளவு கஷ்டப்பட்டு ஒருவர் ஒரு திசையைப் பார்க்காமல் இருந்ததை நான் கண்டதில்லை.

மாமியார் புடவைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். "ஜெபிச்சிட்டு சாப்பிடலாம்" என்று கண்ணை மூடினார். ஜெபத்துக்குத் தலையை மூடுவது அவர்கள் வழக்கம், அதில் யாரும் குறை காண முடியாது. நீளமான ஜெபம். ஆகாரத்துக்காக, பிள்ளைக்காக, பிறக்கப்போகிற குழந்தைக்காக, "இந்த வீட்டின் சகல ஆசீர்வாதங்களுக்காகவும்." தலைப்பின்மேல் சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. மழை குறைந்த பிறகுதான் ஆமென் சொன்னார். சாப்பாடு முடியும்வரை முக்காட்டை எடுக்கவில்லை.

3.30. அவர்கள் கிளம்பினார்கள். மாமியார் பெனிட்டாவின் தலையில் கை வைத்தார். நேசபாயின் கருத்த விரல்களைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வாறேன் மைனி" என்றார். தயிர்ப் பாத்திரத்தைக் கேட்கவில்லை. கார் திரும்பி மறைந்ததும் ராஜனும் மூன்று பேரும் தயாராக நின்றார்கள். பத்து நிமிடத்தில் ஃப்ரிட்ஜ் தோட்டத்துக்குள் நுழைந்து ஷீலா வீட்டை நோக்கிப் போனது. நாலு பேர் தோளில் அது போவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

பெனிட்டா களைத்துத் தூங்கிவிட்டாள். மூலை காலியாக இருந்தது. டேப்பை எடுத்தேன். 5 மணிக்கு மனுவுக்கான பக்கம் மூடிவிடும்.

"இப்ப ஒரு படம் எடுத்தா போதும்மா. இல்லைன்னு பதிஞ்சிடுவேன். உங்க பேரு பட்டியலுக்கு வந்திடும்."

நேசபாய் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "அப்பம் ஓடு மாத்தலாமா மேடம்?"

"மாத்தலாம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிறுத்துவது ஏமாற்று. "ஆனா ஒண்ணு சொல்லணும். முன்னாடி ஃப்ரிட்ஜ் இருக்குன்னு பதிஞ்ச வீடு இது. இப்ப இல்லைன்னு மாத்தறதா இருந்தா காரணம் எழுதணும். அந்தக் காரணத்தைக் கிராம சபையில மைக்குல வாசிப்பாங்க. பஞ்சாயத்துச் சுவர்லயும் ஒட்டுவாங்க. அது விதி."

"என்னண்ணு வாசிப்பாவ?"

"பெண் பார்க்க வந்தன்னைக்குப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜை இரவல் வாங்கி வச்சிருந்தாங்கன்னு."

சிரிப்பு போய்விட்டது. வெளிப்படையாக நடக்க வேண்டும், தகுதி இல்லாதவர் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட விதி. அதைப் போட்ட கூட்டத்தில் நானும் தலையாட்டியிருக்கிறேன்.

ஷைனி என்னிடம் மெல்லச் சொன்னாள்: "மாமியாருக்க தங்கச்சி இதே வார்டுதான் மேடம். அவங்க மூலமாட்டுத்தான் இந்தச் சம்மந்தமே வந்தது. கிராம சபைக்கு முதல் வரிசையில இருப்பாவ."

நேசபாய் வாசல்படியில் உட்கார்ந்தார். தார்ப்பாயைப் பார்த்தார், உள்ளே தூங்குகிற மகளைப் பார்த்தார். "வேண்டாம் மேடம். மனுவ எடுத்திருங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. விதியை மீறித்தான் சொன்னேன். "அம்மா, நான் சொல்லக் கூடாது. ஆனா உங்க சம்பந்திக்குத் தெரியும். ஃப்ரிட்ஜைத் திறந்தாங்க இல்ல? உள்ள விளக்கு எரியல. ஒழுகினதையும் பார்த்துட்டாங்க. எல்லாம் தெரிஞ்சுதான் ஒண்ணும் சொல்லாம போயிருக்காங்க. அப்புறம் யாருக்குப் பயந்து வீட்டை விடறீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. ஒன்றும் தெரியாத பெண்ணைப் பார்க்கிற பார்வை.

"அவியளுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும் மேடம். பெண்ணு காண வந்த அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். எனக்க கையப் பாத்தா தெரியாதா? அவியளும் நாலு வருசம் அண்டி ஆபீசுல இருந்தவியதான்." முந்திரி ஆலையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். "தெரிஞ்சிட்டும் தணுப்பா இருக்குன்னு சொன்னாவல்லா? அந்த ஒரு வார்த்தைய வச்சுத்தான் எனக்க மோளு அந்த வீட்டுல தல நிமிந்து இருக்கா. அத மைக்குல வாசிச்சா, அவிய சொன்னது பொய்யின்னும் சேத்து வாசிச்ச மாதிரில்லா ஆவும். தெரியது வேற மேடம், வாசிக்கது வேற."

"மழைக்கு என்ன பண்ணுவீங்க?"

"தார்ப்பாய் உண்டுல்லா" என்றார்.

4.20. "மனுதாரர் மனுவை விலக்கிக்கொண்டார்" என்ற வரியைத் தேர்ந்தெடுத்தேன். நேசபாய் கண்ணாடித் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டார். தேய்ந்த விரலை டேப் முதலில் ஏற்கவில்லை. மூன்றாம் தடவை ஏற்றது. கிளம்பும்போது ஒரு பொட்டலம் முந்திரிக்கொத்தைப் பைக்குள் திணித்தார். வாங்கக் கூடாது என்பது விதி. வாங்கிக்கொண்டேன்.

ராஜன் என்னைத் திருவட்டாறில் இறக்கிவிட்டு, காசை எண்ணாமல் பையில் போட்டார். "சீக்கிரம் போவணும் மேடம். கூரைக்கு ஏறித் தார்ப்பாய் போடணும், அந்தப் பிள்ள வேற உள்ள கிடக்கு" என்று ஆட்டோவைத் திருப்பினார். அப்போதே தூறல் ஆரம்பித்திருந்தது. தக்கலையிலிருந்து மறுபடியும் பூஜ்யம் போட்ட சீட்டில் நாகர்கோவில் வந்து சேர்ந்தேன்.

6.15. ரயில் புறப்பட்டதும் டேப் ஒரு தடவை அதிர்ந்தது. வரைபடத்தில் அந்த வார்டு பச்சையாகியிருந்தது. வறிய குடும்பங்கள்: 0. நிலுவை மனுக்கள்: 0. கீழே மேற்பார்வையாளர் குறிப்புக்கு ஒரு கட்டம். அதில் "கூரை ஒழுகுகிறது" என்று தட்டினேன். மனு இல்லாத வீட்டுக்குக் குறிப்பு எழுத இயலாது என்று சிவப்பில் பதில் வந்தது.

ஆரல்வாய்மொழிக்குச் சற்று முன்பு மேலதிகாரி அழைத்தார். "அந்த வார்டு முடிஞ்சுதா மேடம்? எத்தனை?"

"பூஜ்யம் சார்."

"பிரமாதம். பேராசிரியர்ங்க யாராவது கேட்டா காட்டலாம். நல்ல செய்தி மேடம்" என்றார்.

காலையில் ரயிலில் வந்த பேராசிரியரை நினைத்துக்கொண்டேன். எங்கேயோ ஒரு அரங்கத்தில் அன்று அவர் காட்டிய வரைபடத்தில் ஏழைகளின் கோடு இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது. அதில் நேசபாயும் ஒரு புள்ளி. பேராசிரியர் பொய் சொல்லவில்லை, ஷைனி பொய் சொல்லவில்லை, நானும் கண்ணால் பார்க்காத எதையும் பதியவில்லை.

எங்கள் வீட்டுக்கும் ஒரு தடவை கணக்கெடுக்க வந்தார்கள். வெயிலில் வந்த பையனைக் கிரில் கதவுக்கு வெளியே நிற்கவைத்துப் பேசினேன். ஃப்ரிட்ஜ் உண்டா என்றான், உண்டு என்றேன். கார் உண்டா என்றான், இல்லை என்றேன். கார் கீழே நிழலில் நின்றது, என் கணவர் பெயரில். சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு போனான். படம் எடுக்கவில்லை, உள்ளே வரவில்லை, எந்த ஊர்க்கூட்டத்திலும் யாரும் அதை மைக்கில் வாசிக்கவில்லை.